தலையாட்ட வேண்டியவர்

சிம்பாங் பூலாயில், பழைய தோட்டத்து மண்டபத்தில் கூடும் தத்துவ வட்டத்துக்குத் தனேஸ்வரன் பல ஆண்டுகளாகத் தலைவர். ‘எல்லாக் கருத்துக்கும் இடமுண்டு’ என்று வாசலில் பதாகை கட்டியிருந்தார். அந்த இடத்தில் யாரும் வந்து உட்காராதது அவருக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

வட்டத்தின் விதி பழைய தர்க்க முறையிலிருந்து அவர் எடுத்து வைத்தது. மறுக்க நினைப்பவர் முதலில் எதிராளியின் கருத்தைத் தாமே சொல்ல வேண்டும். எதிராளி ஆமாம் என்று தலையாட்டிய பிறகே மறுக்கலாம். எதிராளி வராததால் தலையாட்டும் வேலையையும் தனேஸ்வரனே பார்த்துவந்தார். தோற்றதே இல்லை.

தலைவர் தேர்தலன்று காம்பாரிலிருந்து சரளா வந்தாள். உயிர் என்று தனியாக ஒன்றில்லை என்பது அவள் கட்சி. இவளை மடக்கிவிட்டால் பதவி மறுபடி தமக்குத்தான் என்று தனேஸ்வரன் கணக்குப் போட்டார்.

“தின்னு, தூங்கு, செத்துப்போ. அதானே உங்க கட்சி?”

சரளா இல்லையென்று தலையசைத்தாள். மனிதன் வெறும் சதை என்கிறீர்களா என்றார். அதுவும் இல்லை. கூட்டம் நெளிந்தது. வேறு வழியின்றி, வட்டத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

அவள் மேலே ஓடிய மின்விசிறியைக் காட்டிச் சுருக்கமாகச் சொன்னாள்.

விளக்குவதென்றால் தனேஸ்வரனுக்கு உயிர். அவள் கருத்தின் பிடி கிடைத்ததும் விட மனம் வரவில்லை. சுவிட்சைத் தட்டி விசிறியை நிறுத்தியே காட்டினார். காற்று எங்கே போனது என்று யாராவது தேடுகிறோமா? அது விசிறிக்குள் குடியிருந்த பொருளல்ல, சுற்றுவதால் உண்டானது. உயிரும் உடம்பு இயங்குவதால் உண்டாவது. அதனால் அது மலிவாகிவிடாது. இப்போது வேர்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

“அதேதான், அண்ணே,” சரளா தலையாட்டினாள். “நான்கூட இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல.”

இனி மறுக்கலாம். ஆனால் அவரிடமிருந்த மறுப்பெல்லாம் தின்று தூங்குபவனுக்காகத் தைத்தது. இவளுக்கு அளவு சேரவில்லை.

செயலாளர் பத்துமலை கழுத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். “தலைவரே, நீங்க அந்தப் பக்கம் போயிட்டீங்க லா. மொதல்ல காத்தாடியப் போடுங்க.”

போட்டார். பிறகு நடந்த தேர்தலில் அவருக்காக உயர்ந்தது சரளாவின் கை மட்டுமே. அவள் உறுப்பினர் இல்லையென்பதால் அதுவும் செல்லவில்லை. புதுத் தலைவர் பத்துமலை முதல் வேலையாக அந்த விதியை நீக்கினார். பதாகையை அப்படியே விட்டுவைத்தார்.

சரளா மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது தனேஸ்வரன் வேகமாக வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“காத்தாடி தானாவா நின்னுச்சு, தானாவா சுத்துச்சு? சுவிட்சத் தட்டினது யாரு?”

சரளா எஞ்சினை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

“இருங்கண்ணே. நீங்க என்ன சொல்றீங்கன்னு மொதல்ல நான் சொல்றேன். சரியா இருந்தா தலையாட்டுங்க.”