தராசக்காவின் எடை

முதலாளிக்கு அவள் தர வேண்டியது பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது. முதலாளியின் நீல அட்டை நோட்டில் அப்படித்தான் இருந்தது. கை நீட்டி வாங்கிய கடன் இல்லை. எடையில் விட்ட பணம் என்று அவள் தலையில் கட்டிய பணம்.

பழைய அட்டைப்பெட்டியும் காகிதமும் வாங்கி, மெஷினில் அழுத்திக் கட்டுப் போட்டு, ஆலைக்கு அனுப்பும் கிடங்கு அது. வாசலிலேயே இரும்புத் தட்டு வைத்த மின்தராசு. வண்டி தள்ளியும் தலையில் சுமந்தும் வருகிறவர்கள் மூட்டையைத் தட்டில் இறக்குவார்கள். அவள் எண்ணைப் பார்த்து எழுதிச் சீட்டுக் கொடுப்பாள். ஏழு வருஷமாக அதே வேலை. மூட்டைக்குள் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தாலும் சரி, அடியில் செங்கல்லை வைத்துக் கட்டினாலும் சரி, தொட்டவுடன் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவளுக்குத் தராசக்கா என்று பேர் விழுந்துவிட்டது. வயதில் மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் கையில்தான் வரிசையாக மூன்று லோடு குறைந்தது. இங்கே நாலாயிரம் கிலோ என்று ஏற்றியது, ஆலையில் இறங்கும்போது மூவாயிரத்து அறுநூற்று எண்பது. லோடுக்கு முந்நூற்று இருபது கிலோ. கிலோ பன்னிரண்டு என்று பெருக்கி, மூன்றால் பெருக்கி, முதலாளி கோடு போட்டுவிட்டார்.

"வாரம் ஐந்நூறு பிடிச்சுக்கறேன். உன் மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. ஆனா புத்தி எங்கேயோ இருக்கு உனக்கு. நாளான்னைக்குப் போற லோடும் குறைஞ்சா, தராசுல வேற ஆளைப் போட்டுட்டு உன்னைக் குப்பை பிரிக்க அனுப்பிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

வேறு எந்த மாதமாக இருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள், எண்ணுக்கு எண் சண்டை பிடித்திருப்பாள். அந்த மாதம் சரி என்று தலையை ஆட்டினாள். அவள் புத்தி எங்கேயோதான் இருந்தது.

பதினாலு மாதப் பையனுக்குப் பாலை நிறுத்தியிருந்தாள். மதியம் வீட்டுக்கு ஓடி வந்து கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடியது போதும் என்று, அவளும் வீட்டுக்காரனும் பேசி எடுத்த முடிவு. பகலில் நிறுத்தினாள், பிறகு படுக்கையில் நிறுத்தினாள். பிள்ளை ரெண்டு நாள் அழுதுவிட்டு அப்பன் தோளுக்கு மாறிக்கொண்டான். அவள் உடம்புதான் மாறத் தெரியாமல் முரண்டு பிடித்தது. மார் கல்லாகிக் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் லீவு போட்டாள். கல் கரைந்த பிறகு பார்த்தால் காற்றுப் போன பலூன். ரெண்டு வருஷமாக வராத மாதவிலக்கு கேட்காமல் வந்து நின்றது. சீப்பில் முடி முடியாக வந்தது. பசி மட்டும் போகவில்லை. பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிட்ட அதே பசி.

"பாலை நிறுத்தினா பாரு, பூசணிக்காய் மாதிரி ஊதிடுவே," என்று நாத்தனார் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் சொன்னாள். கிடங்கில் கட்டுப் போடும் மெஷினை ஓட்டுகிற பிரஸ் அக்காவும் சொன்னாள்.

காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த அன்று, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தராசுத் தட்டில் ஏறினாள். ஒரு மாதம் முன்பு ஏறியபோது ஐம்பத்தேழு கிலோ இருநூறு. இப்போது அறுபத்திரண்டு எழுநூறு. சிவப்பு எண் கண்ணைச் சிமிட்டாமல் அவளைப் பார்த்தது.

அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டாள். மதியம் டப்பாவைத் திறந்து பாதியைப் பிரஸ் அக்கா பக்கம் தள்ளினாள். தினமும் தட்டில் ஏறினாள். கிலோ அசைவேனா என்றது. பாவாடை நாடாவை மட்டும் பழைய முடிச்சிலேயே, போகப் போக அதற்கும் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. நாடா இழுபட்டுத் தொய்ந்துவிட்டது என்று நினைத்தாள். ஏழு வருஷம் தராசை நம்பிப் பிழைத்தவளுக்கு நாடாவை நம்பத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைக்குத் தடுப்பூசி. அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போடுமுன் எடை பார்க்க வேண்டும். பிள்ளை எடை மெஷினில் உட்கார மாட்டேன் என்று காலை மடக்கிக்கொண்டு அலறினான்.

"விடுங்க, நீங்க தூக்கிக்கிட்டு பெரிய மெஷின்ல ஏறுங்க," என்றார் நர்ஸம்மா. "அறுபத்தாறு முந்நூறு. இப்ப அவனை என்கிட்டக் குடுத்துட்டு நீங்க மட்டும் நில்லுங்க."

பிள்ளை நர்ஸம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கினான். அவர் கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டே எண்ணைப் படித்தார்.

"அம்மா ஐம்பத்தாறு அறுநூறு. கழிச்சா பிள்ளை ஒன்பது எழுநூறு. நல்ல எடைதான்."

"யாரு ஐம்பத்தாறு?"

"நீங்கதான். வேற யாரு ஏறி நிக்கறா."

"நான் அறுபத்தொண்ணரைங்க. நேத்துக்கூடப் பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

"வேலை செய்யற இடத்துல. உங்க மெஷின்ல கோளாறு இருக்கும்."

நர்ஸம்மாவுக்கு மூக்கு விடைத்தது. மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டினார். போன மாதம்தான் ஆபீசிலிருந்து எடைக்கல் கொண்டுவந்து சரிபார்த்து ஒட்டிய முத்திரை. பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைத்தார்.

"கன்னமெல்லாம் ஒட்டிக் கிடக்கு. சரியா சாப்பிடறீங்களா?"

"பாலை நிறுத்திட்டேங்க. எடை ஏறுதுன்னு..."

"நிறுத்தினா சில பேருக்கு ரெண்டு கிலோ ஏறும், சில பேருக்கு இறங்கும். மார் தளரும், முடி கொட்டும், பசி கொஞ்ச நாள் பழைய மாதிரியே எடுக்கும். உடம்பு புதுக் கணக்குக்குப் பழக வேணாமா? அதுக்காகப் பட்டினி கிடப்பாங்களா யாராவது?"

 கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் மனசுக்குள் ஒரு பொறி தட்டியது. தராசு அறுபத்தொன்றரை காட்டிய இடத்தில் நிஜம் ஐம்பத்தாறு அறுநூறு. கிட்டத்தட்ட ஐந்து கிலோ கூட.

"கொஞ்சம் பேனா தாங்கம்மா."

ஊசி அட்டையின் பின்பக்கத்தில் போட்டாள். படித்தவள் இல்லை, ஆனால் கிடங்கில் ஈரத்துக்கும் அழுக்குக்கும் கழிவு போட்டுப் போட்டு நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறுபத்தொன்றரைக்கு ஐந்து கூட என்றால் நூற்றுக்கு எட்டு. சரிபார்க்க அறுபத்தொன்றரையில் நூற்றுக்கு எட்டு கழித்தாள். ஐம்பத்தாறு அறுநூறுக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது.  கீழே நாலாயிரம் என்று எழுதி நூற்றுக்கு எட்டு கழித்தாள்.

மூவாயிரத்து அறுநூற்று எண்பது.

ஆலைச் சீட்டில் மூன்று வாரமும் இருந்த அதே எண்.

"அடப்பாவி," என்றாள் மெதுவாக. "நான் இல்ல. அது."

"எது?" என்றார் நர்ஸம்மா.

"சீக்கிரம் ஊசியைப் போடுங்கம்மா. எனக்கு வேலை இருக்கு."

ஊசி போட்டதும் பிள்ளை ஊரைக் கூட்டினான். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தபடி நடந்ததை வராண்டாவில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வழியில் பேக்கரியில் நின்று ரெண்டு பன் வாங்கினாள். ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்தாள். இன்னொன்றை நடந்துகொண்டே நாலு வாயில் முடித்தாள். ஒரு மாதம் கழித்து வயிற்றுக்குள் இறங்கிய காலைச் சாப்பாடு. கால் தரையில் பாவவில்லை.

கிடங்கு வாசலில் முதலாளியே தராசில் நின்று மூட்டை போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்கள் வரிசை தெருமுனை வரை நின்றது.

"லீவுதானே சொன்னே?"

"முதலாளி, அந்த மூட்டையை இறக்குங்க. இந்தத் தராசு நூத்துக்கு எட்டு கூடக் காட்டுது."

வரிசையில் முதலில் நின்றவன், "அதெல்லாம் ஒண்ணும் காட்டலை, தராசு நல்லாத்தான் இருக்கு," என்று அவசரமாகச் சொன்னான்.

முதலாளி மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "போன மாசம்தான் மெக்கானிக் வந்து செட் பண்ணினான். காசு குடுத்திருக்கேன்."

"எப்ப வந்தான்?"

"நீ காய்ச்சல்னு படுத்திருந்தியே, அப்ப."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். காய்ச்சல் முடிந்து வந்த அன்றுதான் அறுபத்திரண்டு எழுநூறு. அதற்கு அடுத்த வாரம்தான் முதல் குறைச்சல்.

"எடைக்கல் கொண்டுவந்தானா?"

"மறந்துட்டு வந்துட்டான். அதுக்கென்ன, நான்தான் ஐடியா குடுத்தேன். சிமெண்ட் மூட்டையை வெச்சுச் செட் பண்ணிடுன்னேன். ஐம்பது கிலோன்னு மேலேயே அச்சடிச்சிருக்கே, அதுக்கு மேல என்ன எடைக்கல் வேணும்?"

"எந்த சிமெண்ட் மூட்டை?"

முதலாளி மூலையைக் காட்டினார். ஒற்றை மூட்டை, வாய் திறந்து சணலால் கட்டியிருந்தது. அவள் மூட்டையைப் பார்த்தாள். பிறகு அதற்கு நேர் எதிரே சுவரைப் பார்த்தாள். எலிப்பொந்து இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. விரல் தடம்கூட அப்படியே இருந்தது.

"அந்தப் பொந்தை அடைச்சது யாரு?"

முதலாளி வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அவருதான்," என்று உள்ளேயிருந்து பிரஸ் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "கொத்தனாரைக் கூப்பிட்டா காசு கேப்பான்னு ஒரு சட்டி சிமெண்ட் அள்ளி அவரே பூசினாரு. மெக்கானிக் வர்றதுக்கு முந்தின நாள். கை வெந்துபோச்சுன்னு எண்ணெய் தடவச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கு."

"ஒரு சட்டிதானே," என்றார் முதலாளி.

"ஒரு சட்டி நாலு கிலோ," என்றாள் தராசக்கா. "நாப்பத்தாறை ஐம்பதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. சொல்லிக் குடுத்ததை அது ஒழுங்கா சொல்லிக்கிட்டிருக்கு."

முதலாளிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. எதிர்க் கடையிலிருந்து பிரிக்காத சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தூக்கிவரச் சொன்னார். வரிசையில் நின்ற ரெண்டு பேர் வேண்டா வெறுப்பாகத் தூக்கி வந்தார்கள். முதலில் மூலையில் கிடந்த மூட்டையை வைத்தார்கள். சிவப்பு எண் ஓடி நின்றது: ஐம்பது புள்ளி ஒன்று. அதை இறக்கிவிட்டுப் புது மூட்டையை வைத்தார்கள். எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். பிள்ளைகூடப் பன்னைக் கடிப்பதை நிறுத்தினான்.

ஐம்பத்து நாலு புள்ளி மூன்று.

 முதலாளி தாழ்ந்த குரலில், "மூணு வாரமா ஊர்ல இருக்கற அட்டையெல்லாம் ஏன் நம்மகிட்டயே வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது," என்றார். வரிசையின் கடைசியில் நின்ற ரெண்டு வண்டி சத்தமில்லாமல் திரும்பிப் போயின.

"கொஞ்சம் நகருங்க," என்று பிரஸ் அக்கா தட்டில் ஏறினாள். எண்பதைத் தொட்ட அன்றே இனி இதில் ஏறுவதில்லை என்று சபதம் போட்டவள். "எண்பத்து மூணுங்குது. ஏய் தராசு, கழிச்சுச் சொல்லுடி."

"எழுபத்தாறு சொச்சம்க்கா."

"பாத்தியா. நான் இளைச்சிருக்கேன், யாருக்கும் கண்ணு தெரியலை. அதுவும் நீ தள்ளிவிட்ட பாதிச் சாப்பாட்டையும் சேத்துத் தின்னுட்டு."

தராசக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. ஒரு மாதமாக நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உடை மாற்றியது, வீட்டுக்காரன் தொட்டால் நகர்ந்து படுத்தது, பசியோடு நின்றுகொண்டு தன் கண்ணையும் தன் கையையும் தானே சந்தேகப்பட்டது எல்லாம் நினைவுக்கு வந்தன. மார் தளர்ந்ததும் நிஜம், முடி கொட்டியதும் நிஜம். ஆனால் உடம்பு அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாடா சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் முதலாளி. "மெக்கானிக்கைக் கூப்பிடறேன். எடைக்கல்லோட வரச் சொல்றேன். நாளைக்கு லோடு சரியாப் போகட்டும்."

"போகட்டும். நீல நோட்டு?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா."

"குறைஞ்ச அன்னைக்கே எழுதினீங்கல்ல. தெரிஞ்ச அன்னைக்கே அடிங்க."

"பாதி போட்டுக்கலாமா? தினமும் தராசுல நிக்கறவ நீ. கவனிச்சிருக்கலாம்ல."

"கவனிச்சேன் முதலாளி. தினமும் ஏறிக் கவனிச்சேன். தராசு மேல இருந்த நம்பிக்கையில என் உடம்பைத்தான் திட்டினேன். அந்தத் தப்புக்கு ஒரு மாசம் பட்டினி கிடந்தாச்சு. பொந்தை அடைச்சவர் மீதியைப் பாத்துக்கட்டும்."

பிரஸ் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முதலாளியையே பார்த்தாள். முதலாளி மேசையிலிருந்து நீல நோட்டை எடுத்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அது எழுதவில்லை, உதறிப் பார்த்தார், அப்போதும் எழுதவில்லை.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இங்க இருக்கு," என்றாள் தராசக்கா.

தராசுக் கம்பத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க ஏழு வருஷம் முன்பு அவளே கட்டியது. நூல் மேசை வரை எட்டாது. முதலாளி நோட்டைத் தூக்கிக்கொண்டு தராசண்டை வந்தார், குனிந்தார், சிமெண்ட் மூட்டையின் மேலேயே நோட்டை வைத்துப் பதினோராயிரத்து ஐந்நூற்று இருபதின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இன்னொரு கோடு," என்றாள் அவள். "எண்ணு தெரியுது."

அவர் இன்னொரு கோடும் இழுத்தார்.