முடிவுக் குறிக்கு அப்பால்

பழைய டேப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதுல எல்லாம் அப்படியே இருக்குமா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன ஜோசியக்காரியா? ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும். அக்காவும் அதையேதான் கேட்டாள். அவளிடம் மட்டும் எரிந்து விழ எனக்கு மனசு வரவில்லை.

அத்தான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். "கவனிக்கவும்" என்று அவர் ஆரம்பித்தால் ஓடுகிறவன்கூட நின்று கேட்பான். போன வருடம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்து, மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டுவிட்டார்கள். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. இப்போதெல்லாம் தட்டெழுதினால் அதை வாய்விட்டுச் சொல்லும் கருவி வந்திருக்கிறது. ஒருவருடைய பழைய பேச்சைப் போதிய அளவு கொடுத்தால் அவர் குரலையும் பாணியையும் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் கல்யாண வீடியோவில்கூட வாயைத் திறக்காத மனுஷன் அவர். நிலையத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அறிவிப்புகளை நகலெடுத்து வைத்த பேக்கப் டேப் ஒன்று, குப்பைக்குப் போக இருந்தது, அதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

"அவர் குரல்ல ஒரு தடவை என்னைக் கூப்பிட்டாப் போதும்டி," என்றாள் அக்கா.

"கூப்பிட்டாலும் 'இந்தா பாரு'ன்னுதானே கூப்பிடுவார்."

"அதையாவது கேக்குறேனே."

பக்கத்தில் இருந்த அத்தான் சிரித்தார். சத்தமே இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்னும் எனக்குத் தைரியம் இல்லை.

டேப் ஈரம் குடித்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. மிதமான சூட்டில் வைத்து உலர்த்தினேன். அதை ஓட்டுகிற டிரைவ் என்னிடம் இருந்தது. அதன் பட்டை ஒயரைச் செருகத்தான் புதுக் கம்ப்யூட்டரில் இடமில்லை. எங்கெங்கோ அலைந்து அதற்கான கார்டைப் பிடித்துப் போட்டால், பழசும் புதுசும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்றன. இந்த மாமியார் மருமகள் பஞ்சாயத்தைத் தீர்ப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. கடைசியில் டேப் ஓடியது. முன்னே ஓடும், தயங்கும், பின்னால் வந்து மறுபடி ஓடும். "இரண்டாம் நடைமேடை." "தாமதமாக." "வருந்துகிறோம்." அத்தானேதான். ஆளில்லாத கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆனால் அது போதவில்லை. கருவி இன்னும் பேச்சு கேட்டது.

டேப்பிலோ பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எழுதி முடித்த இடத்தில் டிரைவ் ஒரு முடிவுக் குறி வைக்கும். அதற்கு அப்பால் முன்பு எப்போதோ எழுதியது அழியாமல் அப்படியே கிடக்கும், டிரைவ்தான் குறியைத் தாண்டிப் போகாது. போக வைக்க ஒரு குறுக்கு வழி உண்டு. குறியின் மேலேயே எதையாவது எழுத ஆரம்பித்து, புதுக் குறி வைப்பதற்குள் மின்சாரத்தைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கினேன்.

அப்பாலும் அதே குரல்தான். எண்கள், ஊர்கள், வருந்துகிறோம். நடுவில், மைக்கை அணைக்க மறந்து போனில் பேசியிருக்கிறார்: "சாப்பிட்டியா கண்ணு?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்தக் கல்லுளிமங்கனா அக்காவை இப்படிக் கொஞ்சினார்? அவளும் ஒரு வார்த்தை மூச்சு விட்டாளா, கள்ளி. எல்லாவற்றையும் சேர்த்துக் கருவிக்குக் கொடுத்துவிட்டேன்.

விடுமுறை நாள் மத்தியானம் அவர்கள் வீட்டு மேஜைமேல் கருவியை வைத்தேன். அத்தான் தட்டினார். அது ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னது: "தண்ணி வேணும் கண்ணு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "என்னங்க இது, தங்கச்சி இருக்கா," என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அத்தான் திரையை என் பக்கம் திருப்பினார். 'தண்ணி வேணும்' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, 'கண்ணு நான் போடல' என்று தட்டினார்.

"டேப்புல நீங்களே சொல்றீங்களே அத்தான். முடிவுக் குறிக்கு அந்தப் பக்கம், போன்ல."

'அது என் குரல் இல்ல' என்று தட்டினார். தட்டத் தட்ட நான் படித்துக்கொண்டே வந்தேன். அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், அறிவிப்பு அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாராம். பதிந்து வைத்த சொற்களை இயந்திரம் கோத்து அறிவித்துக்கொண்டே இருந்ததால், நாள் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. ஆளைக் காணோமே என்று அவர் மனைவி தேடி வந்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டதும், வேலையாக இருக்கிறார் என்று பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாளாம். பயணிகளுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதென்று அதே மாதிரிக் குரலுக்கு ஆள் தேடினார்கள். 'அதான் எனக்கு வேலை கிடைச்சுது' என்று முடித்திருந்தார் அத்தான்.

"அந்தாளு பேச்சை எடுத்துடறேன் அத்தான். உங்களுதை மட்டும் வெச்சு வேற செஞ்சு தரேன்," என்றேன்.

"எதை எடுக்கப் போற?" தண்ணீரோடு அக்கா நின்றிருந்தாள்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணும் எடுக்க வேணாம். நல்லாத்தானே இருக்கு."

"அக்கா, அது அத்தான் இல்ல."

"அவர் குரல் எனக்குத் தெரியாதா? போய் உன் வேலையைப் பாருடி."

அத்தான் அவள் கையைப் பிடித்தார். அவள் தட்டிக்கொடுத்துவிட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

அத்தானின் பேச்சை மட்டும் வைத்து மறுபடி செய்து பார்த்தேன். வறட்டுக் குரலாக, திக்கித் திக்கி வந்தது. வந்தவரைக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அக்காவின் சிரிப்புக் கேட்டது. அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"அப்புறம் என்ன ஆச்சு கண்ணு?" என்றது குரல்.

நல்ல வெளிச்சமான மத்தியானம். அக்கா மேஜையில் மோவாயைத் தாங்கி, கருவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அத்தான் அங்கே இல்லை. சமையலறைத் தொட்டியில், முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் இருந்தன.

"அக்கா, அதைக் குடு. புதுசு கொண்டுவந்திருக்கேன்."

"இருடி. அவர் பேசிட்டு இருக்காரில்ல."

அத்தான் திரும்பினார். நுரை சொட்டச் சொட்ட வந்து அவள் பின்னால் நின்றார். உதடுகள் அசைந்தன. 'இந்தா பாரு' என்றுதான் சொன்னார், எனக்குத் தெரிந்தது. கழுத்துத் துளை வழியாக வெறும் காற்று மட்டும் இரைந்தது.

அக்கா திரும்பிப் பார்க்காமலே, "உஷ்," என்றாள்.