தீப்பெட்டி அளவில் ஒரு வீடு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உதவியாளர் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். விடாமல் குடைந்தால்தான் காற்றுச் சுரங்கம் என்ற வார்த்தையை வெளியே எடுப்பேன். எடுத்தால் வம்பு. சுரங்கமா, பூமிக்கு அடியிலா, தங்கம் கிடைக்குமா என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நீளமான கூடம். அதற்குள் பலகையும் இரும்பும் சேர்த்துக் கட்டிய பெரிய சதுரக் குழாய். அதன் ஒரு முனையில் ஆளைவிடப் பெரிய விசிறி. இவ்வளவுதான் சமாச்சாரம். நாங்கள் அதை டனல் என்போம். நடுவில் கண்ணாடி பதித்த இடத்தில் பொம்மைக் கட்டடங்களை நிறுத்திக் காற்றை விட்டுப் பார்ப்போம். நாளைக்குக் கட்டப்போகிற கட்டடம் காற்றைத் தாங்குமா, அதன் காலடியில் நடக்கிறவர்கள் குடையோடு பறந்துபோவார்களா என்பதெல்லாம் இன்றைக்கே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் என் மாமனாருக்குக் கல்யாணத்துக்கு முன்பே விலாவாரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஃபேன் மெக்கானிக்" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் பட்டம். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான் என்னை அறிமுகம் செய்வார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் என்பதால் என் மனைவி பார்த்துக்கொள்ளக் கிளம்பினாள்.

"நீங்களும் வந்துடுங்க. அங்க இடமா இல்ல?" என்றாள்.

"காலையில எந்திரிச்சதும் ஃபேன் மெக்கானிக்னு கூப்பிட ஒருத்தர். அதைக் கேட்டுக்கிட்டே நான் பல்லு விளக்கணுமா?"

பேச்சு வளர்ந்தது. "அப்பா நடக்க முடியாம கிடக்குறாரு. உங்களுக்கு உங்க ரோஷம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரே ஊர்தான். டனல் வாசலில் பஸ் ஏறினால் கண் அசருவதற்குள் அவள் தெரு வந்துவிடும். ஆனால் நானும் போகவில்லை, அவளும் வரவில்லை. "சாப்பிட்டியா" என்று போனில் அனுப்புவேன். "ம்" என்று வரும். அந்த ஒற்றை எழுத்து வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருப்பேன். வந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த வேலை வந்தது. எங்கள் பேராசிரியர் மேசையில் வரைபடத்தை விரித்து, புதிதாக வரப்போகும் இருபது மாடிக் கட்டடத்தைக் காட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. அதற்கு எதிரே, தெருவின் கடைசியில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் வீடு.

"சுத்தி இருக்கிற வீடெல்லாம் நீங்கதான் செய்யணும்," என்றார் பேராசிரியர். "வரைபடம் கிடைக்காத வீட்டை மட்டும் நேர்ல போய் அளந்துடுங்க."

அக்கம்பக்கத்து வீடுகளைத் தெர்மாகோலில் செய்வோம். சூடான கம்பியால் இழுத்தால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். ஒவ்வொரு வீடும் தீப்பெட்டி அளவுதான். உள்ளே அறையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கெட்டியான ஒரே துண்டு. காற்றுக்கு வீட்டின் வெளிப்பக்கம் போதும். உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை.

நாடாவை எடுத்துக்கொண்டு சுற்றியிருந்த தெருக்களில் இறங்கி வீடு வீடாக அளந்தேன். ஒரு வீட்டில் என்னை வரி போட வந்தவன் என்று நினைத்துக் கதவையே திறக்கவில்லை. அவள் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வரைபடம் இல்லை. எந்த வீடு என்று சொல்ல வேண்டியதில்லை. தெருமுனைவரை போனேன். அங்கேயிருந்த டீக்கடையில் ஒரு டீயைக் குடித்தேன். அந்த வீட்டை அளக்க வேறு வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டே செதுக்கிவிடுவேனே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து அளக்காமல் நான் செய்த ஒரே வீடு அதுதான்.

செய்யச் செய்ய எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன் நான் அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் அவள் முழங்கையை ஊன்றி நிற்கும் மதில்சுவர். அதை அட்டையில் வெட்டி ஒட்டினேன். வாசலில் நிழல் பரப்பிக்கொண்டிருந்த பெரிய மரம். அதற்குப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பிய்த்து உருட்டினேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி, சன்னலுக்கு மேலே வெயில் மறைப்பு. தேவையே இல்லாத நுணுக்கமெல்லாம் அந்த ஒரு வீட்டில் வந்து உட்கார்ந்தது.

"இந்த வீட்ல யாரு அண்ணா, மந்திரியா?" என்று கேட்டாள் அந்தச் சோதனையை நடத்தும் ஆராய்ச்சி மாணவி.

"மந்திரியோட பொண்ணு," என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்பிவிட்டாள்.

பொம்மைத் தெருவில் காற்றின் வேகத்தை அளக்கச் சின்னச் சின்ன உலோகக் குழாய்களை நட்டுவைப்போம். எங்கெங்கே என்று பேராசிரியர் குறித்துக் கொடுத்திருந்தார். நான் யாரையும் கேட்காமல் ஒன்றைக் கூடுதலாக மாமனார் வீட்டு வாசலில் நட்டேன். எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்த இருபது மாடி காற்றைப் பிடித்துக் கீழே தள்ளி அவள் வாசலில் புழுதியைக் கிளப்பும் என்று தெரிந்தால், நான் போய்ச் சொல்லியாக வேண்டும் இல்லையா? பார்த்து இருந்துக்கோ, அப்பாவை வெளியே உட்கார வைக்காதே என்று சொல்லியாக வேண்டும். கடமை. ரோஷத்தை விட்டு வந்துவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸில் வரும்போது இந்தப் பேச்சை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

விசிறி ஓடியது. காற்று ஒவ்வொரு திசையிலிருந்தும் வருவதுபோல, பொம்மைத் தெரு நிற்கும் வட்ட மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தோம். எங்கெங்கோ வேகம் எகிறியது. அவள் வாசலில் மட்டும் எந்தத் திசையிலும் ஒன்றுமில்லை.

"இந்த இடம் சொர்க்கம் அண்ணா," என்றாள் மாணவி. "காத்து எட்டிக்கூடப் பாக்கல."

"இன்னொரு தடவை ஓட்டு."

இன்னொரு தடவையும் அதேதான். புகையை விட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கோடாக வந்த புகை மரத்திலும் மதிலிலும் முட்டி, மேலே ஏறி, வீட்டைத் தொடாமலே தாண்டிப் போனது.

"எல்லாரும் காத்து வரக் கூடாதுன்னு வேண்டுவாங்க," என்றாள் மாணவி. "நீங்க ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

கட்டினவள் வீட்டில் புயல் அடிக்கவில்லையே என்று வருத்தப்படுகிற புருஷனை அந்தப் பெண் பார்த்திருக்க மாட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தத் தீப்பெட்டி வீடு ஒரு குறையுமில்லாமல் இருந்தது. நான் இல்லாமலே நன்றாக இருந்தது. அப்போதுதான் தாங்க முடியாமல் போயிற்று. எனக்கு என் மனைவியைப் பார்க்க வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால் போகட்டும், பார்க்க வேண்டும். விசிறியை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

வீட்டெதிரே போய் நின்றதும் தப்பான தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. மதில்சுவரைக் காணோம். மரத்தைக் காணோம். வாசல்படி இருந்த இடத்தில் சிமெண்டுச் சரிவு ஒன்று தெருவரை இறங்கியிருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "சுவர் எங்க?" என்றேன்.

"இடிச்சாச்சு. அப்பாவோட சக்கர நாற்காலி திரும்ப இடம் பத்தல."

"மரம்?"

"வேர் தரையைத் தூக்கிடுச்சு. ஆளைக் கூப்பிட்டு நானே நின்னு வெட்டினேன்." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "எல்லாம் நானேதான் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

அந்த வார்த்தை எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. தலையைக் குனிந்துகொண்டே, நான் வந்த கதையைச் சொன்னேன். வரப்போகும் கட்டடம், தெர்மாகோல் வீடு, அட்டைச் சுவர், கம்பி நார் மரம். மரமும் சுவரும் இல்லையென்றால் எடுத்த அளவெல்லாம் வீண் என்பதையும் சொன்னேன்.

"மத்த வீட்டையெல்லாம் அளந்தீங்களா?"

"ம்."

"இதை மட்டும் அளக்கல."

"தெருமுனை வரைக்கும் வந்தேன்."

"தெரியும். டீக்கடைக்காரர் சொன்னாரு." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வருவீங்கன்னு ராத்திரி வரைக்கும் கதவைத் திறந்தே வெச்சிருந்தேன்."

அவள் கையை நீட்டினாள். "நாடா இருக்கா?"

எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நுனியை அவள் பிடித்துக்கொண்டாள், நான் இழுத்துக்கொண்டு நடந்தேன். சரிவை அளந்தோம், முன்பக்கத்தை அளந்தோம், மரம் நின்ற குழியைக்கூட அளந்தோம். நான் எண்ணைச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் குழறலாக வந்தது. "யாரு?"

"அவர் வந்திருக்காருப்பா."

"ஃபே... மெக்கா..." அதற்கு மேல் அவருக்கு வாய் ஒத்துழைக்கவில்லை. எத்தனையோ வருடமாகக் கேட்டாலே எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தப் பட்டத்தை அவர் முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டுமே என்று காத்து நின்றேன்.

நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவள் நுனியை விடவில்லை.

"முடிஞ்சுதா?"

"வெளிய முடிஞ்சுது."

"உள்ள அளக்க வேண்டாமா?"

என் வீடுகளுக்கு உள்பக்கமே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியபோது, எங்கே கதவு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அவள்.

"அளக்கணும்," என்றேன். "நிறைய அளக்கணும்."

செருப்பைச் சரிவின் ஓரத்தில் கழற்றிவிட்டேன்.