மாஸ்டரின் ஒற்றை வார்த்தை

பக்கவாதம் வந்து விழுந்த மூன்றாம் நாள் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கட்டிலருகே நின்ற மனைவியை உற்றுப் பார்த்து, "பிரேக்" என்றார்.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இருபத்தெட்டு வருடம் அடுத்தவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்த வார்த்தையைக் கத்தியிருப்பார். மற்ற வார்த்தைகளெல்லாம் கலைந்து போனபோது இது மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

"இப்படி ஒரே ஒரு வார்த்தை தங்கிடறது உண்டும்மா. மத்ததெல்லாம் மெதுவா வரும்" என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வராமலும் போகலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் பிரேக், போதுமென்றாலும் பிரேக். இழுத்துச் சொன்னால் பசி, வெட்டிச் சொன்னால் கோபம், மூக்கால் சொன்னால் கழிப்பறை என்று அவள் ஒரு மாதிரி பாடம் பண்ணிக்கொண்டாள். ஒருநாள் பசியைத் தப்பாகப் புரிந்துகொண்டு கழிப்பறையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள். உள்ளேயிருந்து வந்த பிரேக்கில் எதிர்வீட்டுக் கதவு திறந்துகொண்டது.

வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட, தலை வார, சோறு ஊட்ட எல்லாவற்றுக்கும் அவள்தான். ஊட்டும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது மாதிரி வேலைகள். முதல் மாடி ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் பக்கத்தில் அவருடைய நாற்காலி. சில மத்தியானங்களில் அவர் சத்தமில்லாமல் அழுவார். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவள் துணியே வைக்காமல் மெஷினை ஓட்டுவாள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் வெள்ளைக் கார் வந்தது.

அவர்கள் தெரு சரிவானது. ஜன்னலுக்கு நேர் கீழே, சரிவின் மேல்பக்கம் மின்கம்பம், கீழ்ப்பக்கம் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி, நடுவில் ஒரு கார் நிற்கும் இடம். ஒரு கார் என்றால் ஒரு காரும் ஒரு சாணும்தான். வெள்ளைக் காரில் வந்த தொந்தி ஆசாமி அதில் வண்டியை நுழைக்கப் பார்த்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், இறங்கிப் பார்த்தார், தொட்டியை முறைத்தார். அவள் திரும்பிப் பார்த்தபோது மாஸ்டரின் இடது கை காற்றில் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணில் ஈரம் காய்ந்திருந்தது.

அவள் எழுந்துபோய் டீ போட்டாள். தட்டில் கிரீம் பிஸ்கட் ஒன்று கடைசியாக மிச்சமிருந்தது.

"எத்தனை தடவைல போடுவாரு? நான் எட்டுங்கறேன். யாரு கிட்டத்துல சொல்றாங்களோ அவங்களுக்கு பிஸ்கட்."

மாஸ்டர் ஐந்து விரலைக் காட்டினார். மறுபடி ஐந்தைக் காட்டினார். கடைசியில் ஒன்று. பதினொன்று.

ஏழாவது தடவை கார் கச்சிதமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் ஜன்னலைத் தாண்டித் தலையை நீட்டி, "பிரேக்!" என்று ஒரு கத்து கத்தினார். தொந்தி ஆசாமி பதறி மிதித்தார். எல்லாம் கோணலாகிவிட்டது. சரியாகப் பதினோராவது தடவையில்தான் வண்டி நின்றது.

"இது போங்காட்டம்!" என்றாள் அவள்.

பாதி முகம்தான் அசைந்தது. ஆனால் சிரிப்பு முழுசாகத் தெரிந்தது.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு மெஷினை நிறுத்திவிடுவாள். டீ, பிஸ்கட், தெரு.

இரண்டாவது வாரம் நாத்தனார் வந்தாள். மாஸ்டருக்கு அக்கா. அழுவதற்கென்றே பெரிய கைக்குட்டை எடுத்துவந்திருந்தாள். வாசலில் நுழையும்போதே இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்.

"என் தம்பிக்கு இப்படி ஆயிடுச்சேன்னு நான் ராப்பகலா உருகறேன். நீங்க என்னடான்னா கூத்தடிக்கிறீங்க. ஏம்மா, இது உனக்கே நல்லா இருக்கா?"

"அழறதும் உண்டு அண்ணி. அது மத்தியானத்துல. இப்ப மணி நாலு" என்றாள் அவள், கொஞ்சம் கூச்சத்தோடு.

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். கீழே ஒரு வேன் தொட்டியை நோக்கிப் பின்னால் வந்தது. அவள் கைக்குட்டையோடு ஜன்னலுக்கு வந்து, "அட, இவன் எங்க போடப்போறான்! ஜென்மத்துக்கும் முடியாது" என்றாள். மறுநாள் மூன்றரைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு டப்பா பிஸ்கட்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வருவாள். கோப்பை, பூனை, குடை என்று படம் போட்ட அட்டைகளை நீட்டுவாள். "இது என்ன சார்?" பிரேக். "இது?" பிரேக். அவள் முகம் வாடாமல் அடுத்த அட்டையை எடுப்பாள். தன் சின்ன சிவப்புக் காரைச் சரிவின் அடியில் நிறுத்திவிட்டு நடந்தே ஏறுவது அவள் வழக்கம். அன்றைக்குத் தூறல். கையில் கனமான பை வேறு. காரையே சரிவில் ஏற்றி வந்து அந்த இடத்தில் நிறுத்தப் பார்த்தாள்.

மேலே மூவரும் தயார். மாஸ்டர் மூன்று விரலைக் காட்டினார். அண்ணி ஆறு என்றாள். மனைவி, "பாவம், முடியாம திரும்பிப் போயிடுவா" என்றாள்.

அந்தப் பெண் இரண்டு தடவை முயன்று தோற்றாள். மூன்றாவது முறை கார் நேராக மின்கம்பத்தை நோக்கி வந்தது. மாஸ்டர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அரைவாசி எழுந்துவிட்டார்.

"பிரேக்! லெப்ட்... லெப்ட்ல ஒடி! அய்யோ, கண்ணாடியப் பாரும்மா!"

அண்ணி கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. கீழே அந்தப் பெண் அவர் சொன்னபடி ஸ்டியரிங்கை ஒடித்தாள். பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கதவைத் திறந்தபடி போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று ஓடிவந்தாள்.

"சார்! இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

மாஸ்டர் ஜன்னலையே பார்த்தார். "பிரேக்" என்றார்.

"இல்ல சார், அதுக்கப்புறம் சொன்னது."

"ஹேண்ட் பிரேக்!" என்று அலறினார் மாஸ்டர்.

நான்கு பேரும் ஜன்னலில் நெருக்கியடித்துப் பார்த்தார்கள். சிவப்புக் கார் ஆளில்லாமல், அவசரமே இல்லாமல், பின்பக்கமாகச் சரிவில் உருண்டது. ஒடித்த சக்கரம் ஒடித்தபடியே இருந்ததால் வளைந்து, அந்த இடத்துக்குள் நுழைந்து, குப்பைத்தொட்டியை டங்கென்று தொட்டு நின்றது. முன்னால் ஒரு சாண், பின்னால் ஒன்றுமில்லை.

"மூணு!" என்றார் மாஸ்டர்.

"ஆளே இல்லாம போனது கணக்குல வராதுடா!" என்று அண்ணி சண்டைக்கு நின்றாள். தம்பி வாயில் 'மூணு' என்று இன்னொரு புது வார்த்தை வந்திருப்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு எட்டியது. அப்போது அழுதாள், கைக்குட்டையைத் தேடித் தேடி. மனைவி அழவில்லை. அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். பயிற்சிப் பெண்ணோ யாருடைய தோள் என்று பார்க்காமல் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

மறு வாரத்திலிருந்து அட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன. பாடம் ஜன்னலில் நடந்தது. கியர், கிளட்ச், முட்டாள், கழுதை என்று வார்த்தைகள் வந்தன. திட்டுகள்தான் முந்திக்கொண்டு வந்தன. "வரட்டும் மேடம், தடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். வலது கை சரியாகவே இல்லை. இனி அவர் வண்டி ஓட்டமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு காலியாகக் கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. அண்ணியும் வரவில்லை. டீயைக் குடித்து முடித்து அவள் எழுந்தாள். தைக்க வேண்டிய துணி மெஷின் மேல் மலையாகக் குவிந்திருந்தது.

அவர் இடது கையால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தார். தொண்டையில் ஏதோ வெகுதூரத்திலிருந்து கிளம்பி, மெதுவாக ஏறி வந்தது.

"கொஞ்சம்... உக்காரு."

"ரோட்டுல ஒண்ணுமே இல்லையே?"

"பரவால்ல."

அவள் உட்கார்ந்தாள்.