மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டீங்களா?

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. அமிர்தம் டீச்சர் நடந்ததைச் சொல்லி முடித்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘வலங்கைமான் வயல்களில் நாற்று பச்சை பிடித்த நேரம், அமிர்தத்துக்கு இருமல்...’ வேண்டாம். பயிருக்கு இங்கே வேலையில்லை.

மறுபடியும்: அமிர்தம் கணக்கு டீச்சர். அவளோ அவள் கணவர் கலியபெருமாளோ பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. இருமலுக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். மாதங்கள் போனபிறகுதான் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள்.

2

(கொஞ்சம் அறிவியல். தாண்டிப் போகாதீர்கள், என் கோபம் இதற்குள்தான் இருக்கிறது.)

கட்டியின் செல்களில் ஒரு மரபணு பிசகியிருந்தது. ‘வளர்’ என்ற கட்டளை நிற்காமல் ஓடியது. தினமும் ஒரு மாத்திரை அதை அடக்கியது. கட்டி சுருங்கியது. அமிர்தம் பள்ளிக்குத் திரும்பினாள், மூச்சு வாங்காமல் மாடி ஏறிப் பாடம் எடுத்தாள்.

அடுத்த வருஷ ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள். கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தோடு போய் அங்கே குடியேறியிருந்தன.

தஞ்சாவூர் மருத்துவமனையில், மருத்துவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டீங்களா?”

கலியபெருமாள் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் கலந்த ஒரு... இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

3

மருத்துவருக்கு அன்று கூட்டம் அதிகம் என்று எழுதி அவரைக் காப்பாற்றலாம். மாட்டேன்.

கீமோ தொடங்கலாம் என்றார் அவர். அமிர்தம் எழுந்திருக்கவில்லை. மருந்து ஏன் வேலை செய்யாமல் போனது என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா என்று கேட்டாள். மறுபடி மரபணுப் பரிசோதனை செய்யலாம், அவசியமில்லை என்றார்.

“ஒரு நாள்கூட விடல, டாக்டர். அதைப் பாத்துட்டு அப்புறம் என்னைக் கேளுங்க.”

பரிசோதித்தார்கள். அதே மரபணுவில் இன்னொரு மாற்றம். பழைய மாத்திரை இனி அங்கே ஒட்டாது. அப்படிப்பட்ட செல்கள் சில முன்பே ஒளிந்திருந்திருக்கலாம். அவள் ஒழுங்காக விழுங்கியதால்தான் மற்றவை செத்தன. இவை மிஞ்சிப் பெருகின.

இந்த மாற்றத்துக்கென்றே வேறொரு மாத்திரை இருந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர் தன் பழைய கேள்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

4

முடிவு, ஒன்று: புள்ளிகள் மறைந்தன, எல்லாரும் சந்தோ... பொய். புள்ளிகள் சுருங்குகின்றன, இந்த மாத்திரையும் ஒரு நாள் வேலை செய்யாமல் போகலாம், அது அவளுக்குத் தெரியும்.

இரண்டு: ‘நோயோடு போராடித் தோற்றா...’ அடித்துவிட்டேன். தோற்பது மருந்து. அதற்கும் அவள் பெயரையா எழுதுவது?

நடந்தது இது. பரிசோதனை முடிவு வந்த அன்று, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அமிர்தம் கணவரிடம் கேட்டாள்.

“டாக்டர் கேட்டப்ப, நீங்களும் அப்படித்தான நெனச்சீங்க?”

கலியபெருமாள் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்கள் வீட்டு நோயாளியை நீங்களும் ஒருமுறை அப்படிப் பார்த்திருந்தால், அந்த வரி உங்களுடையது. எழுதுங்கள். அவள் முகத்தைத் திருப்பாமல் காத்திருக்கிறாள்.