7010-இல் ஆள் இருக்கிறதா?

ராத்திரி கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் கைவிட்டு, ஆபீஸ் சர்வர் அணைந்துவிட்டதாம். கேட்டதும் சோஃபியா பையைக்கூட இறக்காமல் தன் சீட்டுக்கு ஓடினாள்.

அந்த மெஷினில் ஆளுக்கொரு போர்ட் உண்டு, கதவு எண் மாதிரி. அவரவர் புரோகிராம் அவரவர் கதவில் ஓடும். மெஷின் அணைந்தால் எல்லாம் நின்றுவிடும். மறுபடி அவரவர்தான் கிளப்ப வேண்டும்.

7010 அவளோடு இங்கே வேலை பார்த்த சில்வெஸ்டருடையது. ஜெர்மனிக்குப் போகும் முன், ஞாயிறு பூசை முடிந்து மர்பி டவுன் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். வீட்டில் அப்பா தனியாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"போன் பண்ணித் தொல்லை பண்ண மாட்டேன் சோஃபி. 7010-ல நம்ம சாட் ஓடிட்டே இருக்கும். எப்ப தோணுதோ அங்க வந்து சொல்லு. எனக்கு அலுத்துப்போச்சுன்னா நிறுத்திடுவேன்."

உள்ளே போகத் தைரியம் வரவில்லை. பதிலாக பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினாள். அது கதவைத் தட்டிப் பார்க்கும். திறந்தால் 'ஆள் இருக்கு', இல்லாவிட்டால் 'காலி'. தினமும் காலையில் காபிக்கு முன் அதை ஓட்டுவாள். 'ஆள் இருக்கு' என்று வந்தால்தான் காபி இறங்கும்.

இன்று 'காலி' என்றுதான் வரும்.

"ஏம்மா சோஃபியா," என்றார் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆதிகேசவன், "அந்த 7010 இனிமே யாருக்கு? புதுசா வந்திருக்கிற பிரபாவுக்குக் குடுத்திடறேன்."

"ஒரு நிமிஷம் சார்."

ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

ஆள் இருக்கு.

"அதெப்படி?" ஆதிகேசவன் குனிந்து தன் திரையைப் பார்த்தார். "நான் வந்து மெஷினை ஆன் பண்ணினதே எட்டு மணிக்கு. உடனே ஜெர்மனியிலேர்ந்தே கிளப்பியிருக்கான் சில்வெஸ்டர்! அங்க இன்னும் விடிஞ்சிருக்காதேம்மா. லைன் அறுந்ததிலேர்ந்து தூங்காம உக்காந்திருந்தானா, பைத்தியக்காரன்?"

சோஃபியா இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஒருத்தரும் போறதில்ல. யாரோ தினம் காலைல தட்டிட்டு ஓடிப்போறாங்க. அவன் ஸ்கிரீன்ல அத்தனையும் தெரியும், தெரியுமில்ல?" சிரித்துக்கொண்டே எழுந்தார். "நான் காபிக்குப் போறேன். பிரபாவுக்கு வேற நம்பர் பார்க்கலாம்."

தெரியாது. தட்டினால் அந்தப் பக்கம் தெரியும் என்று அவள் யோசித்ததே இல்லை. யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வருவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

முதல்முறையாக உள்ளே போனாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி காத்திருந்தது.

'இன்னிக்காவது நில்லேன்.'

'நின்னுட்டேன்' என்று அடித்தாள். பிறகு, 'அப்பாவை விட்டுட்டு என்னால வர முடியாது. நீ திரும்பி வருவியா?'

அவர்கள் சேர்ந்து எழுதிய சாட் அது; அடிக்க அடிக்க எழுத்து தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எழுத்து வந்தது. அழிந்தது. மறுபடி வந்தது.

சோஃபியா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.