மேனேஜரின் எடை

எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது ரொட்டிக்கடை அக்காதான். நாங்கள் வேறு ஏதோ அழகான பெயர் வைத்துத்தான் கொண்டுவந்தோம். அது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. காலை ஏழு மணிக்கு நான் பையைத் தூக்கினால் அவனும் கிளம்பிவிடுவான். ரொட்டிக்கடை, பால்கடை, மருந்துக்கடை, தையல்காரர் வீடு என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே நோட்டம் விடுவான். வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்தவன் போலத்தான் இருக்கும். வாயில் ஏதாவது விழுந்த பிறகே அடுத்த வாசலுக்கு நகர்வான்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் பூங்காவுக்குப் போவோம். வாசலில் ஐஸ் வண்டி நிற்கும். ஆரஞ்சு குச்சி ஐஸ் ஒன்று வாங்கி, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, பாதி எனக்கு, பாதி அவனுக்கு. வெயில் காலம் என்றால் எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான். நாக்கெல்லாம் ஆரஞ்சு நிறமாக இரண்டு பேரும் வீட்டுக்கு வருவோம்.

அந்த வருடம் வெயில் தொடங்கிய வாரத்தில், அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என் கணவர் திடீரென்று தண்ணீரை நிறுத்தினார். கழுத்துக்குக் கீழே திராட்சை அளவில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"எடுத்துடணும். எடுத்துட்டா பயம் இல்ல. ஆனா இந்த உடம்போட மயக்க மருந்து குடுக்க மாட்டேன். இப்பவே மூச்சு வாங்குது பாருங்க. இருபது கிலோவுக்குக் கீழ கொண்டுவாங்க. ஆறு வாரம் தரேன். அதுக்கு மேல தள்ளினா கட்டி தொண்டையை அழுத்த ஆரம்பிச்சிடும்."

அன்று அவன் இருபத்தொன்று புள்ளி நான்கு.

"ஒன்றரைக் கிலோதானே, குறைச்சிடலாம்" என்றேன். எனக்கு அப்போது அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. பார்சல் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக எடைக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். எடையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மறுநாள் காலையில் எல்லாக் கடைகளிலும் கறாராகச் சொல்லிவிட்டேன். "ஆறு வாரத்துக்கு இவனுக்குத் துரும்புகூடப் போடக் கூடாது. போட்டா நீங்களே இவனைக் கொன்ன மாதிரி." எல்லோரும் தலையாட்டினார்கள். ரொட்டிக்கடை அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா. அக்கா வழக்கம்போல ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு, அவனைப் பார்த்து, பிறகு வெண்ணெய் தடவி என்னிடம் நீட்டினார். "நீயாவது சாப்பிடு கண்ணு, தூக்கிப் போடக் கை வரமாட்டேங்குது." தையல்காரர் மனைவி அவனுக்காக வாங்கி வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எனக்குத் திறந்தார். மருந்துக்கடைத் தம்பிகூட ஒரு மிட்டாய் கொடுத்தான். ஐஸ் வண்டிக்காரர், "இனி முழுசும் உங்களுக்குத்தான் மேடம்" என்றார். வாங்காவிட்டால் அவர்கள் முகம் வாடிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவன் மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் அங்கேயே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசர அவசரமாகத் தின்றுவிடுவேன். அதைத் தியாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இருப்பது ஊரின் மறுகோடியில். வாரம் ஒருமுறை எடை பார்த்து ஃபோனில் சொன்னால் போதும் என்றிருந்தார். சனிக்கிழமை மதியம் கவுன்டர் மூடியதும் அவனை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவேன். பார்சல் எடை போடும் தட்டு லேசாக ஆடும், அதில் அவன் ஏற மாட்டான். அதனால் முதல் வாரம் நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். அறுபத்திரண்டு. என் எடை பல வருடமாக அதுதான், எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எண்பத்து மூன்று புள்ளி நான்கு. கழித்தால் சரியாக இருபத்தொன்று புள்ளி நான்கு. டாக்டரின் எண்ணும் என் எண்ணும் இம்மி பிசகவில்லை.

அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு ஏறி, அறுபத்திரண்டைக் கழித்தேன். இருபத்தொன்று புள்ளி ஐந்து. அதற்கடுத்த வாரம் புள்ளி மூன்று. நான்காவது வாரம் மறுபடியும் புள்ளி நான்கு.

நான்கு வாரம் அளந்து வைத்த சாப்பாடு. நான்கு வாரம் காலையும் மாலையும் கூடுதல் நடை. குறைந்தது ஒன்றுமில்லை. கட்டி மட்டும் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. ஈரத் தரையில் அவன் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்ப்பேன். அவன் என் கையை நக்குவான்.

யாரோ ஊட்டுகிறார்கள். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

முதலில் மாட்டியது ரொட்டிக்கடை அக்கா. கடை நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம இவனுக்குப் போடறீங்கதானே?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "இல்ல" என்றார்.

"அப்புறம் எப்படி ஒரு கிராம்கூட குறையல?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாளையிலிருந்து நீ வெளியவே நில்லு. பையை மட்டும் குடு, போட்டுத் தரேன்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்தது என் கணவர். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வெயில் காலத்தில் ஆளைப் பிடிக்க முடியாது. அன்று சாயங்காலம் குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தால், படிக்கட்டில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சாப்பிடறேன்."

"வீட்ல மேசை இல்லையா?"

"இங்க காத்து வருது."

சுவர் முழுக்கக் கொதிக்கிற படிக்கட்டு அது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க" என்றேன். "ஒளிஞ்சு ஒளிஞ்சு அவனுக்கு ஊட்டறீங்க."

"அவன் உள்ள இருக்கான், நான் வெளிய இருக்கேன். எப்படி ஊட்டறது, சாவி ஓட்டை வழியாவா?"

"அப்ப எடை ஏன் குறையல?"

"நான் குடுக்கல" என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவும் இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நாயிடம் சொல்வேன், அவர் எடுத்துக் கொடுப்பார்.

கடைசிச் சனிக்கிழமை இருபத்தொன்று புள்ளி மூன்று. திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். அவர் முடியாது என்றுதான் சொல்லப்போகிறார். இருந்தாலும் மயக்க மருந்துக்காக அவர் சொன்னபடி ஞாயிறு இரவிலிருந்து அவனைப் பட்டினி போட்டேன். காலையில் அவன் காலித் தட்டை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தான். நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டரின் எடை மெஷின் தரையோடு தரையாக, மேலே ரப்பர் விரித்திருக்கும். என் கணவர் வாரைப் பிடித்துக்கொண்டு நடக்க, அவனும் கூடவே நடந்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார் டாக்டர். "பத்தொன்பது புள்ளி ஆறு."

"உங்க மெஷின்ல கோளாறு டாக்டர். முந்தாநாள்கூட இருபத்தொண்ணு புள்ளி மூணு."

"ஃபோன்ல நீங்க சொல்லும்போதே எனக்குக் குழப்பமாத்தான் இருந்தது. எப்படி எடை போடறீங்க?"

"அவனைத் தூக்கிக்கிட்டு நான் ஏறுவேன். அப்புறம் என் எடையைக் கழிச்சிடுவேன்."

"உங்க எடை எவ்வளவு?"

"அறுபத்திரண்டு."

"எப்பப் பார்த்தது?"

"முதல் வாரம்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் பெரிய பார்சல்களைத் தள்ளுவண்டியோடு ஏற்றி எடை போட்டு, வண்டியின் எடையைக் கழிப்போம். மாதம் பிறந்ததும் வண்டியை மட்டும் தனியாக ஏற்றிப் புது எடையை அதன்மேல் எழுத வேண்டும் என்பது நான் கொண்டுவந்த விதி. துரு பிடிக்கும், சக்கரம் மாற்றுவார்கள், பழைய எடையை நம்பக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். மறந்தவர்களை எல்லோர் முன்னாலும் திட்டியும் இருக்கிறேன்.

"நீங்களும் ஏறுங்க" என்றார் டாக்டர்.

அறுபத்து மூன்று புள்ளி ஏழு. சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து எண்பத்து மூன்று புள்ளி மூன்று இருந்தோம், என்னைக் கழித்தால் பத்தொன்பது புள்ளி ஆறு. கணக்கு அட்சர சுத்தமாகப் பொருந்தியது.

"ஒண்ணும் வீணாகல" என்றார் டாக்டர். "அவன்கிட்டருந்து போனது கிட்டத்தட்ட முழுசும் உங்ககிட்ட பத்திரமா இருக்கு. சரி, இன்னைக்கே எடுத்துடலாம்."

என் கணவர் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் பல் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

உள்ளே அவனைக் கொண்டுபோன பிறகு இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் எனக்கு அவமானம்தான். ஊர் முதுகையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. அப்படியானால் யாருமே போடவில்லை. ஒருத்தர்கூட. ஆறு வாரம், அத்தனை வாசலிலும் அவன் உட்கார்ந்து அந்தப் பார்வை பார்த்திருக்கிறான், அத்தனை பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"படிக்கட்டுல ஏங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நாய் வழியாக இல்லாமல் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"அவன் பாக்கற பார்வையைத் தாங்க முடியல. ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் குடுத்துடுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு."

"அதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"நீ நம்பற மூஞ்சியோடவா நின்ன?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துக் காய்த்துப்போன கை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுதாக வந்துவிட்டது, மூச்சும் ஒழுங்காக இருக்கிறது என்றார். நான் அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை. "எனக்கு எதுக்கு, ஆறு வாரம் பசி தாங்கினது அவன்" என்றார்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது ரொட்டிக்கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். பின்சீட்டில் என் கணவர் மடியில், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தான். கடை நிறைய ஆள் இருந்தார்கள். ஆள் முன்னால் சொன்ன சொல்லை ஆள் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று உள்ளே போனேன்.

"அக்கா, தப்பு என் மேலதான். நீங்க எதுவும் போடல. என்னை மன்னிச்சிடுங்க." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "போட்டேனான்னு கேட்டியே. கீழ சிந்தின தூளை நக்கிடுவானோன்னு, தினமும் ஆறே முக்காலுக்குக் குனிஞ்சு வாசலைக் கூட்டினேன். இடுப்பே போச்சு எனக்கு." பிறகு எட்டி வண்டிக்குள் பார்த்தார். "பொழைச்சுக்கிட்டானா?"

"பொழைச்சுட்டான்க்கா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொட்டியின் ஓரத்தை வெட்டினார், வெண்ணெய்க் கத்தியை எடுத்தார், என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார், கத்தியைத் திரும்ப வைத்துவிட்டார். "உனக்கும் இனிமே கிடையாது" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

வீட்டில் தரையைத் துடைத்து, விசிறிக்குக் கீழே அவனைப் படுக்க வைத்தோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. என் கணவர் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வழக்கம்போல வாசலை நோக்கி நடந்தார்.

"அவன்தான் தூங்கறானே, இன்னைக்கு உள்ளேயே சாப்பிடலாமே" என்றேன்.

"தட்டுச் சத்தம் கேட்டா எழுந்து வருவான். தையல் புதுசு, அவன் அசையக் கூடாது."

நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். நான்காவது படியில் ஒரு பழைய செய்தித்தாள் நான்காக மடித்துப் போட்டிருந்தது, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. ஆறு வாரமாக உட்கார்ந்து அது படியோடு படியாகத் தட்டையாகிப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். பகல் முழுக்க ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜைக் குளிர வைத்துவிட்டு வந்து, இந்தக் கொதிக்கும் படியில் தனியாக உட்கார்ந்து இவர் சாப்பிட்டிருக்கிறார். நான் இவரைத் திருடனாக நினைத்தேன்.

அவர் செய்தித்தாளை விரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"சாரிங்க" என்றேன்.

"சாப்பிடு" என்றார். இரண்டு வாய் கழித்து, "உன் பங்கை மட்டும்" என்றார்.

சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அவர் என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் கூம்பு கதவில் உரசியது. கதவின் அடி இடுக்கில் ஒரு மூக்கு, இழுத்து இழுத்து, எங்களை மோப்பம் பிடித்தது. அவன் மூச்சு வாங்கவில்லை. சீராக, நன்றாக இருந்தது அந்த மூச்சு. நாங்கள் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் இருந்ததை மெல்லாமல், அவன் திரும்பிப் போய்ப் படுக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.